மேல்மாடியில் கிடந்த மடக்குப் படகை மீண்டும் தண்ணீரில் இறக்கலாமா?

பக்கத்து வீட்டு மூதாட்டி முதியோர் இல்லத்துக்குக் குடிபோகுமுன் மூன்று பைகளை உங்களிடம் ஒப்படைத்திருக்கிறார். உள்ளே இருப்பது 1960களில் அவரும் கணவரும் வாங்கிய கிளெப்பர் ஏரியஸ் 2, இருவர் அமரும் மடக்குக் கயாக், அதாவது மேல்பக்கம் மூடிய ஒடுக்கமான துடுப்புப் படகு. ஒரு குறுக்குச் சட்டம் பிளந்திருக்கிறது, நீல மேல்துணியில் பூசணம், அடித்தோலின், அதாவது ரப்பர் பூசிய அடித்துணியின், மடிப்பில் வெடிப்பு. இதைக் காப்பாற்ற முடியுமா, நானே செய்யலாமா, மனைவியுடன் ஜெர்மனியின் கீம்சே ஏரியில் போவது பாதுகாப்பானதா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டுக்கும் பெரும்பாலும் ஆம் என்பதே என் பதில். மூன்றாவது கேள்வியில் படகைவிடக் காற்றுக்கும் உங்கள் பொறுமைக்குமே பங்கு அதிகம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் எளிதாகிவிடும். மரப்படகில் மரமே படகு. மடக்குப் படகில் அப்படி இல்லை. சட்டகத்தை மட்டும் தரையில் பொருத்தி வைத்தால் அது தொளதொளவென்று ஆடும். தோலை மட்டும் விரித்தால் அது ஒரு சாக்கு. சட்டகத்தைத் தோலுக்குள் செலுத்தி நடுவில் அழுத்தி நிமிர்த்தும்போது மரம் வெளியே தள்ளுகிறது, தோல் உள்ளே இழுக்கிறது. அந்த இழுபறிதான் படகு. ஆகவே எதைப் பழுதுபார்க்கும்போதும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது இந்த இழுவையைத் தாங்குமா? தாங்கும் என்றால் கறையையும் கீறலையும் அப்படியே விட்டுவிடலாம்.

எலும்பின்மேல் தோலைப் போர்த்துவது நமக்குப் புதிதல்ல. ஒகேனக்கல்லில் பரிசல் பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மூங்கில் பின்னலின்மேல் முன்பு மாட்டுத்தோல், இன்று பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். ஆர்க்டிக் கரைகளில் இன்யூட் மக்கள் சீல் தோலில் கட்டிய கயாக்கும் இதே வழிதான். அதைக் கழற்றிப் பையில் போட்டு ரயிலில் ஏற்றலாம் என்று செய்துகாட்டியவர் ஆல்ஃபிரெட் ஹொய்ரிக் என்ற கட்டடக்கலை மாணவர். 1905இல் மூங்கில் கழிகளும் பாய்த்துணியும் கொண்டு தானே கட்டிய படகில், ஜெர்மனியின் பாட் டோல்ஸ் ஊரிலிருந்து இஸார் ஆற்று வழியாக மியூனிக் வந்து சேர்ந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தப் படகைச் செய்து விற்கும் உரிமையை வாங்கியவர் உங்கள் ரோசன்ஹைமைச் சேர்ந்த தையற்காரர் யோஹான் கிளெப்பர். படகு கட்டும் தச்சரிடம் போகாமல் தையற்காரரிடம் போய்ச் சேர்ந்ததே இந்தப் படகின் நல்லூழ் என்று நான் நினைப்பதுண்டு. தோலை எப்படி வெட்டித் தைத்தால் அது சீராக இழுபடும் என்பது தையற்காரர் கைக்குத் தெரிந்த கணக்கு. நீங்களும் உங்கள் படகைத் தச்சுவேலையாகப் பார்ப்பதைவிட முதலில் ஒரு உடையாகப் பாருங்கள்.

அதனால்தான் உப்புத்தாளையும் வார்னிஷையும் வாங்குமுன் படகை ஒருமுறை முழுதாகக் கட்டிப் பார்க்கச் சொல்கிறேன். பலர் செய்யும் தவறு, சட்டங்களையெல்லாம் முதலில் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டு, பிறகு தோல் சுருங்கிப்போனதைக் கண்டுபிடிப்பது. ஒரு வாரம் கழிந்தபின் அந்தச் செய்தி வருவது கொடுமை.

காற்றில்லாத, வெயிலடிக்கும் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். புல்தரையில் எல்லாவற்றையும் விரித்து எண்ணுங்கள். ஏரியஸ் 2 ஏறத்தாழ 5.20 மீட்டர் நீளம், 87 செண்டிமீட்டர் அகலம். குறுக்குச் சட்டங்கள் ஏழு, எண்கள் பொறித்திருக்கும். தோலை ஒரு மணி நேரம் வெயிலில் காயவிடுங்கள். சூட்டில் ரப்பர் இளகும், பருத்தித்துணி காய்ந்து தளரும். நனைந்த பருத்தி சுருங்கும் என்பதை மறக்க வேண்டாம். ஈரத்தோலில் இந்தப் படகைக் கட்ட முயல்வது வீண்போராட்டம். உட்பக்கத்தில் வாசனையில்லாத டால்க் பவுடரைத் தூவிக்கொண்டால் சட்டகம் வழுக்கிக்கொண்டு போகும். முன்பாதியையும் பின்பாதியையும் தனித்தனியாகச் செலுத்தி, நடுவில் அடிப்பலகைகள் கூரைபோல் உயர்ந்து நிற்கும் நிலையில் கோர்த்து, உள்ளங்கையால் கீழே அழுத்த வேண்டும்.

அழுந்தவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். பல ஆண்டுகள் மடிந்தே கிடந்த தோல் நீளத்தில் சற்றுச் சுருங்கியிருக்கும். பாதி அழுத்திய நிலையிலேயே இரவு முழுக்க விட்டுவிட்டு மறுநாள் வெயில் ஏறியபின் மீண்டும் அழுத்துங்கள். சில தோல்களுக்கு மூன்று நாள்கூட ஆகும். சுத்தியலை மட்டும் எடுக்காதீர்கள். என் முதல் படகில் நான்காம் சட்டம் உட்காரவில்லை என்று ரப்பர் சுத்தியலால் தட்டினேன். சட்டம் உட்கார்ந்தது. ஆனால் அதன் ஓரத்து ஒட்டுப்பலகை பிளந்து, அந்தக் கூர்முனை தோலை உள்ளிருந்து அறுத்துவிட்டது. ஐந்து நிமிட அவசரம் ஒரு மாத வேலையானது.

படகு நிமிர்ந்து நின்றுவிட்டால் அதை அப்படியே வைத்துக்கொண்டு நோயைக் கண்டறியலாம். இரவில் உள்ளே ஒரு விளக்கை வைத்து வெளியிலிருந்து பாருங்கள். அடித்தோலின் ஊசித்துளைகள் வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியும். சாக்கட்டியால் வட்டமிடுங்கள். பிறகு உள்ளே நாலைந்து லிட்டர் தண்ணீர் ஊற்றி, இருவராகப் பிடித்து மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். வெளியே எங்கே ஈரம் கசிகிறதோ அங்கேயும் ஒரு வட்டம்.

இனி தோல். இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நேரத்தைக் கஞ்சத்தனம் செய்யாமல் இதற்குக் கொடுங்கள். வெடித்த மடிப்பை விரல்களால் வளைத்து உள்ளே பாருங்கள். ரப்பருக்கடியில் நூலிழைகள் தெரியும். இழைகள் உறுதியாக இருந்து மேலுள்ள ரப்பர் மட்டும் வெடித்திருந்தால், அது ஒட்டுப்போடக்கூடிய காயம். இழைகளே நைந்து, இழுத்தால் பஞ்சுபோல் வந்தால், அந்த இடத்தில் உள்ளும் புறமும் இரண்டு ஒட்டுகள் வேண்டும். தோல் முழுவதுமே ரப்பர் பிசுபிசுத்தோ பொடியாக உதிர்ந்தோ இருந்தால் தோலின் ஆயுள் முடிந்தது. அப்போதும் படகு முடிந்துவிடவில்லை. புதுத்தோல் தைத்துத் தருவோர் இருக்கிறார்கள். விலை மட்டும் பழைய படகின் விலையைவிடக் கூடுதலாகவே இருக்கும். நீங்கள் விசாரித்த கடையில் பார்க்காமலே புதுத்தோல் வாங்கச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மடிப்பு வெடித்ததற்காகத் தோலையே மாற்றுவது எனக்கு உடன்பாடில்லை. இந்தச் சோதனைகளை முடித்தபின் முடிவெடுங்கள்.

ஒட்டுப்போடுவது சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுவது போலத்தான், ஆனால் அதைவிடப் பொறுமையாக. உங்கள் படகின் அடித்தோல் ரப்பர். எனவே ஒட்டும் துண்டும் ரப்பர் பூசிய துணியாக இருக்க வேண்டும். காற்றடைத்த பொம்மைப் படகுகளுக்கு விற்கும் பிவிசி ஒட்டு இதில் நிற்காது. துண்டின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூர்மூலை மணலில் உரசி முதலில் கிளம்பும். காயத்தைச் சுற்றி மூன்று விரல் அகலத்துக்கு உப்புத்தாளால் தேய்த்து, வெளிறிப்போன மேற்பரப்பு நீங்கி புது ரப்பர் தெரியும்வரை கொண்டுவர வேண்டும். பெரும்பாலான ஒட்டுகள் கிளம்புவதற்குக் காரணம் பசை அல்ல, இந்தத் தேய்ப்பு போதாமைதான். தூசியைத் துடைத்து, பெட்ரோலிய ஸ்பிரிட்டால் சுத்தம் செய்து முற்றிலும் உலரவிடுங்கள். ரப்பருக்கான பசையை இரு பக்கமும் மெல்லியதாகப் பூசி, காய்ந்ததும் இரண்டாவது முறை பூசி, விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி உருளையால் உருட்டுங்கள். ஒரு முழு நாள் தொடக் கூடாது. ஸ்பிரிட்டும் பசையும் காற்றோட்டமான இடத்தில். பக்கத்தில் நெருப்பு ஆகாது.

அடித்தோலில் நடுமுதுகும் இரு பக்கத்து விளிம்புகளும்தான் கூழாங்கல்லில் உரசுகிற இடங்கள். அங்கே நீளவாக்கில் ரப்பர் பட்டைகள் ஒட்டியிருக்கும். அவை தேய்ந்து துணி தெரிந்தால் மேலே புதுப்பட்டை ஒட்டிவிடுங்கள். செருப்புக்கு அடித்தோல் மாற்றுவது போன்றது இது. தேய்வதற்கென்றே இருக்கும் பாகம்.

மேல்துணி வேறு குணம். அது பருத்தி. நனைந்ததும் நூல் பருத்து இடைவெளிகளை அடைத்துக்கொள்வதால் தண்ணீர் உள்ளே வருவதில்லை. அதே சமயம் காய்ந்திருக்கும்போது உள்ளிருக்கும் ஈரக்காற்று வெளியேற வழிவிடுகிறது. அதன்மேல் பெயிண்டோ பிளாஸ்டிக் பூச்சோ அடித்தால் இந்த அருமை போய்விடும். முதலில் விரல்களால் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். காகிதம்போல் கிழிந்தால் துணி முடிந்தது. கிழியாவிட்டால் பூசணத்தை வீட்டுக்கு வெளியே உலர் தூரிகையால் தட்டி, மென்சோப்பும் குளிர்ந்த தண்ணீரும் கொண்டு கழுவி, முழுவதும் உலரவிட்டு, பருத்திக் கூடாரத்துக்கு விற்கும் நீர்காப்புத் திரவத்தைப் பூசுங்கள். கரும்புள்ளிகள் போகா. போகட்டும். அவற்றை வெளுக்க பிளீச்சிங் திரவம் போட்டால் துணியும் தையல் நூலும் சேர்ந்தே வலுவிழக்கும். தையல் விட்ட இடங்களில் கோணூசியும் மெழுகு தேய்த்த நூலும் கொண்டு பழைய துளைகள் வழியாகவே தையுங்கள். புதுத்துளை ஒவ்வொன்றும் ஒரு கசிவு.

மரவேலை இவற்றோடு ஒப்பிட்டால் இன்பமானது. நீளச் சட்டங்கள் ஆஷ் மரம், குறுக்குச் சட்டங்கள் பிர்ச் ஒட்டுப்பலகை. வார்னிஷ் உறுதியாக இருக்கும் இடத்தில் லேசாகத் தேய்த்து மேலே பூசினால் போதும். எல்லாவற்றையும் மரம் தெரியச் சுரண்ட வேண்டியதில்லை. சாம்பல் நிறமாகிப்போன இடங்களை மட்டும் தேய்த்தெடுங்கள். கருத்த நீர்க்கறைக்கு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் பயன்படும். கையுறை போட்டுக்கொண்டு, பிறகு நன்றாகக் கழுவிவிடுங்கள். உங்கள் குறுக்குச் சட்டத்தின் பிளவு அடுக்குகளுக்கு இடையில் மட்டும் என்றால் எபாக்ஸிப் பசையைச் சற்று இளஞ்சூடாக்கி உள்ளே ஓடவிட்டு, மெழுகுத்தாள் வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். குறுக்கே முறிந்திருந்தால் இரு பக்கமும் மெல்லிய ஒட்டுப்பலகைத் துண்டு வைத்து ஒட்ட வேண்டும். நீளச் சட்டம் முறிந்திருந்தால் நேர்வெட்டில் ஒட்டுவது நிற்காது. சாய்வாக வெட்டிச் சேருங்கள்; தடிமனைப் போல் எட்டு மடங்காவது சாய்வின் நீளம் இருக்க வேண்டும். இரண்டு செண்டிமீட்டர் தடிமன் என்றால் பதினாறு செண்டிமீட்டர். தோலைத் தொடும் ஓரம் எதுவாயினும் விரலுக்கு வழுவழுப்பாக, உருண்டையாக இருக்கட்டும்.

படகுக்கான வார்னிஷில் முதல் பூச்சை நீர்க்கக் கலக்கிப் பூசி மரம் குடிக்கவிடுங்கள். பிறகு மூன்று மெல்லிய பூச்சுகள். கடைசிப் பூச்சுக்குப் பின் இரண்டு வாரம் காத்திருங்கள். தொட்டால் காய்ந்ததுபோல் தோன்றும் வார்னிஷ், தோலுக்குள் அழுந்தியதும் ரப்பரோடு ஒட்டிக்கொள்ளும். உதிரிகள் காணாமல் போயிருந்தால் கவலைப்படாதீர்கள். ஏரியஸின் அடிப்படை வடிவம் இத்தனை காலமாகப் பெரிதாக மாறவில்லை. தோல் செத்துப்போன இன்னொரு பழைய படகைக் குறைந்த விலைக்கு வாங்கி அதன் சட்டங்களை எடுத்துக்கொள்வது வழக்கமே.

இரு விளிம்புகளிலும் ஓடும் காற்றுக்குழாய்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏரியஸ் என்ற பெயரே அவற்றால் வந்தது. ஊதி, சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருமிடம் பாருங்கள். பெரும்பாலும் வால்வில்தான் கசியும். கட்டி முடித்த பிறகு கடைசியாகவே அவற்றை ஊத வேண்டும். கரையில் வெயிலில் படகு கிடக்கும்போது சற்றுக் காற்றை விடுங்கள். சூட்டில் விரிந்து தையலைப் பிரித்துவிடும். குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் தளரும், மறுபடி ஊதுங்கள்.

இதே படகு இரண்டாம் உலகப் போருக்கு முந்தியதாக இருந்திருந்தால் என் பேச்சே வேறு. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் மடக்குக் கயாக்குக்கென்றே 10,000 மீட்டர் போட்டிகள் நடந்தன; அதற்குப் பின் எந்த ஒலிம்பிக்கிலும் அவை இல்லை. அந்தக் காலத்துத் தோலோடு ஒரு படகு கிடைத்தால் அதைத் தண்ணீரில் இறக்காதீர்கள், உலர்ந்த அறையில் விரித்து வையுங்கள் என்பேன். 1960களின் ஏரியஸ் அப்படியல்ல. அதை ஓட்டுவதே அதற்குச் செய்யும் மரியாதை.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. இந்த வகைப் படகின் வலிமையைச் சொல்ல எல்லோரும் ஹன்னஸ் லிண்டெமன் பெயரைச் சொல்வார்கள். ஜெர்மானிய மருத்துவரான அவர் 1956 அக்டோபரில் கானரித் தீவுகளிலிருந்து ஏரியஸ் 2 ஒன்றில் தனியாகப் புறப்பட்டு, 72 நாளில் அட்லாண்டிக்கைக் கடந்தார். உல்ம் நகரில் 1932இல் டானூப் ஆற்றில் மடக்குப் படகை இறக்கிய ஜெர்மானியர் ஓஸ்கார் ஸ்பெக், மத்தியதரைக் கடல், பாரசீக வளைகுடா, இந்தியக் கரைகள், இலங்கை என்று ஏழு ஆண்டுகள் துடுப்புப் போட்டு, 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் வடக்கே சைபாய்த் தீவில் இறங்கினார். போர் தொடங்கிவிட்டதால் அங்கே அவரைச் சிறைப்பிடித்தார்கள். இலங்கைக் கரையையும் இப்படியொரு துணிப்படகு தொட்டுப் போயிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். ஆனால் இக்கதைகளிலிருந்து தவறான பாடத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம். லிண்டெமன் படகும் கவிழ்ந்தது. கவிழ்ந்த படகின்மேல் தொற்றிக்கொண்டே ஓர் இரவைக் கழித்தார். முந்தைய ஆண்டே ஒரு மரத்தோணியில் அதே கடலைக் கடந்து பழகியவர் அவர்.

ஏரியஸ் 2 கவிழ்வது அரிது. அகலமும் காற்றுக்குழாய்களும் அதைத் தாங்குகின்றன. அலை வந்தால் கெட்டிப்படகு போல் மோதாமல் அதன் மேலே நெளிந்து ஏறும். அடிப்பலகை உங்கள் தொடைக்கடியில் மூச்சுவிடுவது போல் உணர்வீர்கள், சட்டங்கள் மெல்ல முனகும். பயப்பட வேண்டாம், அது வேலை செய்யும் ஓசை. ஆனால் உள்ளே தண்ணீர் புகாத தடுப்பறைகள் கிடையாது. கவிழ்ந்தால் நூற்றுக்கணக்கான லிட்டர் தண்ணீர் புகும். அதை இருவரால் நடு ஏரியில் இறைத்துத் தீர்க்க முடியாது. ஆகவே முன்முனையிலும் பின்முனையிலும் காற்றுப்பைகளைத் திணித்து ஊதி, கயிற்றால் கட்டிவிடுங்கள். இதைச் செய்யாமல் இறங்கவே கூடாது.

படகு அகலமானதால் துடுப்பு நீளமாக, 240 முதல் 260 செண்டிமீட்டர்வரை வேண்டும். வீச்சைத் தாழ்வாக, நிதானமாகப் போடுங்கள். முன்னால் இருப்பவர் தாளம் கொடுக்க, பின்னால் இருப்பவர் அதைப் பின்பற்ற வேண்டும். மாறாகச் செய்தால் துடுப்புகள் முட்டிக்கொள்ளும். சுக்கான் கால்மிதியில் இருந்தால் பின்னால் இருப்பவரிடமே விடுங்கள். சுமையைத் தாழ்வாக, நடுவை ஒட்டி வையுங்கள். இந்தப் படகு வேகத்துக்கானதல்ல. மணிக்கு ஐந்து கிலோமீட்டர் என்று கணக்கு வைத்து, திரும்பும் வழியில் எதிர்காற்று இருக்கும் என்றே திட்டமிடுங்கள்.

கீம்சேயின் ஆபத்து அலையைவிட, மேற்கிலிருந்து திடீரென வரும் காற்றிலும் இடியிலும்தான் இருக்கிறது. கரையோரத்துப் புயல் எச்சரிக்கை விளக்குகளை முதல் நாளே அடையாளம் கண்டுகொள்ளுங்கள். நிமிடத்துக்கு 40 முறை மின்னினால் பலத்த காற்று வரக்கூடும். 90 முறை மின்னினால் புயல். நீங்கள் 40க்கே கரைக்குத் திரும்புங்கள். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் சுட்டாலும் தண்ணீர் உடலை விறைக்க வைக்கும் குளிரில் இருக்கும். ஆடையைத் தண்ணீருக்கு ஏற்ப உடுத்துங்கள், வெயிலுக்கு ஏற்ப அல்ல. உயிர்காப்பு அங்கி பையில் அல்ல, இருவர் உடம்பிலும். முதல் மூன்று பயணங்கள் இடுப்பளவு ஆழத்தில், கரையை ஒட்டியே. ஒருமுறை வேண்டுமென்றே கவிழ்த்து வெளியே வரப் பழகுங்கள், ஜூலையில், நண்பர்கள் கரையில் நிற்க.

திரும்பி வந்ததும் வேலை முடியவில்லை. சட்டத்துக்கும் தோலுக்கும் இடையே சிக்கிய ஒரு பிடி மணல், நெளியும் ஒவ்வோர் அலையிலும் உப்புத்தாளாக வேலை செய்யும். கழற்றி, உட்புறத்தைக் கழுவி, ஓரங்களைத் தடவிப் பார்த்து எடுங்கள். நான் ஓர் அக்டோபர் மழையில் திரும்பி, நாளை காயப்போடலாம் என்று ஈரத்தோடு பையில் வைத்துவிட்டு, குடும்ப அலுவல் ஒன்றில் மூன்று வாரம் மறந்தேன். திறந்தபோது மேல்துணி முழுக்கக் கறுப்பு. இரண்டு சட்டங்களின் அடுக்குகள் விரிந்திருந்தன. அந்த மூதாட்டியின் படகில் நீங்கள் காணும் பூசணமும் பெரும்பாலும் கடைசிப் பயணத்து ஈரம்தான். குளிர்காலத்தில் தோலை இறுக்கி மடிக்காமல் தளர்வாகச் சுருட்டி, பவுடர் தூவி, எலி ஏறாத இடத்தில் தொங்கவிடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் மடிப்பு ஒரே இடத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அடித்தோல் வெடித்ததே அப்படித்தான்.

கட்டிப் பார்த்த பிறகு எனக்கு இரண்டு விவரம் எழுதுங்கள்: பிளந்த குறுக்குச் சட்டத்தின் எண் என்ன, அடித்தோலின் வெடிப்பில் இழைகள் இழுத்தால் தாங்குகின்றனவா. நடுச்சட்டம் என்றால் ஒட்டுவதற்கு முன் அளவெடுத்துக் காகித அச்சு ஒன்று வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டு சரியாக வராவிட்டால் அந்த அச்சைக் கொண்டு புதுச் சட்டமே வெட்டிவிடலாம்.